வங்குரோத்தாகவும் சல்லி வேண்டும்

இலங்கையின் மருதமுனையில் ஒரு தறிப்பட்டறைக்குள் போனால் மூன்று சாமான்கள் கண்ணில் படும். மூலையில் சாயம் தோய்த்த நூல் கட்டு. அதற்கு விலை உண்டு, எந்த நெசவாளியும் வாங்குவார். தட்டில் மடித்து வைத்த சாரன். அதற்கும் விலை உண்டு, கல்முனைச் சந்தையில் போய்விடும். நடுவில், தறியில் அரைவாசி நெய்தபடி கிடக்கும் பாவு. அதை இன்றைக்கே விற்றாக வேண்டும் என்றால் யார் வாங்குவார்? அது நூலும் இல்லை, துணியும் இல்லை. அறுத்தெடுத்தால் மேசை துடைக்கலாம். இரண்டு நாள் நெய்ய விட்டால் முழு விலை.

ஓடிக்கொண்டிருக்கும் எந்த வியாபாரமும் தறியில் கிடக்கும் துணிதான். அதை எந்த இடத்தில் அறுக்கிறோம், அறுக்க எத்தனை நாள் எடுக்கிறோம் என்பதில்தான் வங்குரோத்தின் உண்மையான செலவு இருக்கிறது. வக்கீல் பீஸ் அதில் ஒரு துண்டு மட்டுமே.

வங்குரோத்து என்பது ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். அதன் வேர் இத்தாலியில், ‘உடைந்த பலகை’ என்று பொருள். கடன் அடைக்க முடியாத காசு வியாபாரியின் பலகையை உடைத்துப்போடுவார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். உடைத்தார்களோ இல்லையோ, சொல் கடல் தாண்டி எங்கள் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது.

நாட்டுக்கு நாடு இந்தச் செலவை ஒப்பிட உலக வங்கி ஒரு வேடிக்கையான வழி பிடித்தது. ஒரு கற்பனை ஹோட்டல். 201 ஊழியர், 50 சப்ளையர், ஹோட்டல் கட்டடத்தின் மேல் வங்கிக்கடன். பெயர் மிராஜ், அதாவது கானல்நீர். இந்த ஹோட்டல் உங்கள் நாட்டில் நொடித்தால் என்ன நடக்கும் என்று அங்கங்கே உள்ள சட்டத்தரணிகளிடம் கேட்டார்கள். 2020ஆம் ஆண்டுக்கான அறிக்கையில் இலங்கைக்கு வந்த விடை: முடிய 1.7 வருடம், செலவு சொத்தின் பெறுமதியில் 10 சதவீதம், கடன் கொடுத்தவருக்குத் திரும்பி வருவது 100 ரூபாவுக்கு 43. நோர்வேயில் செலவு 1 சதவீதம். ஜப்பானில் 4.2 சதவீதம், ஏழு மாதத்தில் வேலை முடிந்துவிடும், 92 ரூபா கைக்கு வரும்.

பத்துத்தான் செலவென்றால் தொண்ணூறு அல்லவா வரவேண்டும்? மிச்ச 47 எங்கே?

அவர்களுடைய கணக்கையே பிரித்துப் பார்ப்போம். ஹோட்டலை ஓடவிடாமல் துண்டு துண்டாக விற்றால் 100 பெறுமதிக்கு 70தான் தேறும் என்பது அவர்கள் வைத்த விதி. முதல் 30 அங்கே போயிற்று, அறுத்த பாவு அது. வழக்குச் செலவு 10. தளபாடம் மொத்தப் பெறுமதியில் ஐந்தில் ஒன்று, அது வருடத்துக்கு ஐந்தில் ஒன்று தேயும். 1.7 வருடத்துக்கு ஏறக்குறைய 7. மிச்சம் 53. ஆனால் அந்த 53 இன்று கையில் இல்லை, 1.7 வருடம் கழித்துத்தான் வரும். வங்கி வட்டிக்குக் கழித்தால் இன்றைய மதிப்பு 43. ரசீது கிடைப்பது அந்தப் பத்துக்கு மட்டும். மற்ற 47க்கு யாரும் பில் எழுதுவதில்லை.

சீனா, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு இராச்சியம், அசர்பைஜான் ஆகிய நாடுகளின் எண்களில் கைவைத்தது தெரியவந்து 2021இல் அந்த அறிக்கையையே நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் காசு எந்த ஓட்டையால் ஒழுகுகிறது என்று காட்ட இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை.

நிந்தவூரில் பூட்டிக்கிடக்கும் ஒரு அரிசி மில்லை நினைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் வெட்டியாயிற்று. உமி நீக்கும் ரப்பர் உருளை ஓடாமல் இறுகுகிறது. கடற்காற்று பெல்ட் சக்கரங்களில் துருவை ஏற்றுகிறது. மோட்டருக்குள் இருக்கும் செம்புக் கம்பியின் விலை ஊரில் எல்லாருக்கும் தெரியும். நெல் கொண்டுவந்த விவசாயி சம்மாந்துறையில் வேறு மில் பார்த்துக்கொண்டார், இனி திரும்பி வரமாட்டார். ஏலத்தன்று விற்பது மில் அல்ல, இரும்பு.

அப்படியென்றால் வழக்கே வேண்டாமே, அவரவர் பங்கை அவரவர் எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். “முதலாளிக்குக் கஷ்டமாம், போனைத் தூக்கிறாரில்ல” என்ற பேச்சு காதில் விழுந்த அன்றைக்கு நடப்பதைப் பார்த்தவருக்கு அப்படித் தோன்றாது. முதலில் வந்தவர் மூட்டைகளை ஏற்றுவார், அடுத்தவர் தராசை எடுப்பார், மூன்றாமவருக்கு வெறுஞ்சுவர். இந்த ஓட்டப்பந்தயத்தை நிறுத்தத்தான் உலகமெங்கும் வங்குரோத்துச் சட்டம் வந்தது.

எங்கள் சட்டத்துக்கு இரண்டு முகம். கம்பெனி என்றால் 2007ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம். கணக்கு முடிக்க வரும் லிக்விடேட்டரின் செலவுக்கு முன்னிடம், ஊழியர் சம்பளம், சேமலாப நிதி, அரசு வரி போன்றவற்றுக்கும் முன்னுரிமை. கடனுக்குச் சாமான் போட்டவர் வரிசையின் கடைசிப் பக்கம். ஆனால் பிரதேச செயலகத்தில் பெயரை மட்டும் பதிந்து நடத்தும் கடைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே கடையும் ஆளும் ஒன்று, கடை விழுந்தால் வீடும் சேர்ந்து விழும். அதற்கென எழுதப்பட்டது 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். வங்குரோத்தானவருக்கு அது பரீட்சை போல முதலாம், இரண்டாம், மூன்றாம் தரச் சான்றிதழ் வைத்தது. கைமீறிய நட்டத்தால் விழுந்தவருக்கு முதல் தரம், தன் செய்கையால் விழுந்தவருக்கு மூன்றாம் தரம். இந்தத் தரம் பிரிக்கும் வழக்கத்தை இங்கிலாந்து 1861இலேயே கைவிட்டது.

வங்கி இந்த வரிசைகளில் நிற்பதில்லை. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, ஈடு வைத்த காணியை நீதிமன்றம் போகாமலே, தன் பணிப்பாளர் சபைத் தீர்மானத்தால் ஏலம் விடலாம். இதற்குப் பெயர் ‘பராட்டே’, இதுவும் ஒல்லாந்தர் சொல்தான். வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வரும். தேத்தண்ணிக் கடையில் பேப்பர் விரிப்பவர்கள் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள், தெரிந்த பெயர் இருக்கிறதா என்று. வங்கிக்குச் செலவு குறைவு, வேகம் அதிகம். ஆனால் அந்தக் காணியின் மேல் ஓடிக்கொண்டிருந்த தறிக்கு என்ன ஆகும் என்று கேட்க அந்த மேசையில் ஆள் இல்லை. 2022இல் நாடே வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த பிறகு சிறு வியாபாரிகள் இந்தக் கேள்வியைத்தான் கேட்டார்கள். 2024இல் பராட்டே இடைநிறுத்தப்பட்டது, பின் அந்த இடைநிறுத்தம் 2025 மார்ச் வரை நீட்டப்பட்டது.

கடன் கொடுத்தவர் எல்லாரும் ஊர்க்காரர் என்றால் பள்ளிவாசலில் உட்கார்ந்து பேசி முடிப்பதும் உண்டு. கஷ்டப்பட்டவருக்குத் தவணை கொடுக்கச் சொல்லும் குர்ஆனின் சூரா பகரா 280ஆம் வசனத்தை யாராவது ஞாபகப்படுத்துவார்கள். “ரெண்டு பெருநாளைக்குப் பொறகு பாப்பம் காக்கா” என்று ஒருவர் இறங்கிவந்தால் மற்றவர்களும் இறங்குவார்கள். வழக்குச் செலவு ஒரு சுற்றுத் தேத்தண்ணி. தறியும் ஓடிக்கொண்டிருக்கும், வங்கிக்காரர் அந்தப் பாயில் வந்து உட்காராதவரைக்கும் அந்த முடிவு அவரைக் கட்டாது என்பதைத் தவிர.