தண்ணீர் குழாய் உறைஞ்சு போச்சா? அவசரப்பட்டா பர்சுக்கு வேட்டு!

பெருமாள்மலை: மார்கழி, தை வந்துவிட்டால் மலையில் குளிர் பின்னி எடுத்து விடும். விடிந்ததும் பல் துலக்க குழாயைத் திறந்தால் ஒரு சொட்டு வராது. டேங்கில் தண்ணீர் இருக்கும், வால்வும் திறந்துதான் இருக்கும். 'அடைப்பு போல' என்று நினைத்து பைப்பைத் தட்டுவார்கள், கொதிக்கும் தண்ணீரை ஊற்றுவார்கள். செலவு ஆரம்பிப்பதே அங்கேதான்!

கொடைக்கானல் மலையில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி சீசன். ஏரிப்பகுதி, ஜிம்கானா, பாம்பார்புரம் பக்கம் புல்வெளி வெள்ளை வேட்டி விரித்தது போல கிடக்கும். மன்னவனூர், கவுஞ்சி போன்ற மேல்மலை கிராமங்களிலும் குளிர் வாட்டும். பழனி ரோடும் வத்தலக்குண்டு ரோடும் சேரும் பெருமாள்மலை, கொடைக்கானல் டவுனை விட தாழ்வாக இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் பள்ளத்தில் இருக்கும் வீடுகள், மொட்டை மாடியில் பைப் ஓடும் வீடுகள், ஓடையில் இருந்து கருப்பு ஓஸ் போட்டு தண்ணீர் எடுக்கும் தோட்ட வீடுகள் உஷாராக இருப்பது நல்லது.

4 டிகிரியில் எப்படி உறையும்?

'தெர்மாமீட்டர் 4 டிகிரி காட்டுது, 0 டிகிரியில்தானே தண்ணீர் உறையும்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தெர்மாமீட்டர் வைப்பது தரையில் இருந்து நாலடி உயரத்தில். மேகம் இல்லாத, காற்று அடிக்காத இரவில் தரையும் கூரையும் தங்கள் சூட்டை வேகமாக வானத்துக்கு இழந்துவிடும். அதனால் புல் மேல் கிடக்கும் ஓசும், மாடியில் கிடக்கும் பைப்பும் சுற்றி இருக்கும் காற்றை விட அதிகமாக குளிர்ந்து போகும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் தண்ணீர் போலவே பள்ளத்தை நோக்கி இறங்கும்.

எனவே நட்சத்திரம் பளிச்சென்று தெரியும் இரவுதான் ஆபத்தான இரவு. மேகமூட்டம் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

வெடிப்பது எங்கே?

தண்ணீர் பனிக்கட்டியாக மாறும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். ஆனால் பனிக்கட்டி இருக்கும் இடத்தில்தான் பைப் உடையும் என்பதில்லை. கட்டி வளர வளர, அதற்கும் மூடிய குழாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீரை நெருக்கும். போக வழி இல்லாமல் அழுத்தம் எகிறி, பலவீனமான ஜாயின்ட்டிலோ எல்போவிலோ விரிசல் விழும். வெயிலில் காய்ந்து மொரமொரப்பான பழைய பிவிசி பைப் சீக்கிரம் உடையும். கருப்பு ஓஸ் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

விரிசல் விழுந்தது உடனே தெரியாது. பனிக்கட்டியே அடைப்பாக நிற்கும். வெயில் ஏறி கட்டி உருகியதும்தான் தண்ணீர் பீய்ச்சும். நிமிடத்துக்கு 5 லிட்டர் போனால்கூட 1,000 லிட்டர் டேங்க் 3 மணி 20 நிமிடத்தில் காலி. வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனவர்கள் பாடு திண்டாட்டம்தான்!

உறைந்து விட்டால்...

முதலில் குழாயைத் திறந்தே வையுங்கள். டேங்க் வால்வை மூடுங்கள். அப்புறம்தான் மற்ற வேலை. துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து பைப்பில் சுற்றுங்கள். குழாய் முனையில் ஆரம்பித்து டேங்க் பக்கமாகப் போக வேண்டும். அப்போதுதான் உருகிய தண்ணீர் வெளியே வர வழி இருக்கும். ஓடத் தொடங்கியதும் வால்வை லேசாகத் திறந்து, எங்காவது கசிகிறதா என்று பாருங்கள்.

கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், பிவிசி இளகி வளைந்து விடும். தீப்பந்தம் காட்டுவது கூடவே கூடாது. ஈரக்கையோடு ஹேர் டிரையரைத் தொட வேண்டாம். தண்ணீர் வராத நேரத்தில் கீசர் சுவிட்சைப் போடாதீர்கள், காலி கீசரில் காயில் கருகிவிடும். அவசரம் இல்லை என்றால் வெயில் ஏறும் வரை பொறுத்திருப்பதே மேல். அது பைசா செலவில்லாத வைத்தியம்.

செலவு எவ்வளவு?

வெளியே தெரியும் பைப் உடைந்தால் கப்ளிங், சொல்யூஷன், கொஞ்சம் பைப்போடு வேலை முடிந்துவிடும். சாமானை விட பிளம்பர் கூலிதான் அதிகம். சுவருக்குள் ஓடும் பைப் என்றால் டைல்ஸ் உடைப்பது, பூச்சு, பெயின்ட் என்று பில் ஏறும். எல்லாவற்றையும் விட பெரிய அடி, மாடியில் இருக்கும் தட்டை வகை சோலார் வாட்டர் ஹீட்டருக்குத்தான். அதற்குள் இருக்கும் மெல்லிய செம்புக் குழாய்கள் உறைந்து பிளந்தால் பேனலையே மாற்ற வேண்டி வரலாம்.

வாடகை வீட்டில் யார் செலவு? தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் அமலில் உள்ள வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை பைப் மாற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய், வாஷர் மாற்றுவதும் கீசர் ரிப்பேரும் குடியிருப்பவர் பொறுப்பு. எனவே கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள்.

சொந்த வீடா? 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' வீட்டுக் காப்பீட்டில், தண்ணீர் டேங்க், பைப் வெடித்து வீட்டுக்கு ஏற்படும் சேதமும் சேர்ந்திருக்கிறது. சேதத்தை போட்டோ எடுத்து, கம்பெனிக்குச் சொல்லிவிட்டு, அப்புறம் ரிப்பேரில் இறங்குங்கள்.

வருமுன் காப்போம்

ஆண்டுதோறும் குழாய்கள் உறையும் ஸ்ரீநகரில், குளிர்காலம் வருமுன்பே பைப்பில் சாக்கு சுற்றிவிடுவார்கள். குளிருக்குப் பழகாத அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2021 பிப்ரவரியில் திடீர் உறைபனி தாக்கி, ஏராளமான வீடுகளில் பைப் வெடித்துத் தண்ணீர் புகுந்தது. பழக்கம் உள்ளவன் தப்பித்தான், இல்லாதவன் மாட்டிக்கொண்டான்!

நாமும் பழைய சாக்கையோ கம்பளியையோ பைப்பில் சுற்றி, அது நனையாமல் மேலே பிளாஸ்டிக் தாள் கட்டலாம். தரை மேல் கிடக்கும் ஓசை மண்ணுக்குள் புதைக்கலாம். வெறிச்சென்ற வானம் தெரியும் இரவில், கடைசிக் குழாயை நூல் போல ஓட விட்டு அடியில் வாளியை வையுங்கள். தண்ணீரும் வீணாகாது. வெளியூர் போகிறீர்களா? வால்வை மூடி, குழாய்களைத் திறந்து பைப்பைக் காலி செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

பைப்பில் தண்ணீர் இல்லை என்றால் உறைபனிக்கு அங்கே வேலையும் இல்லை, உங்களுக்கு வீண் செலவும் இல்லை!