பின்வளவு ஸ்டோருக்கு மண்ணுக்கடியில் மின்சாரம்: மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்

வியாபாரம் சற்று வளர்ந்ததும் நம்மவர்கள் முதலில் செய்வது பின்வளவில் ஒரு ஸ்டோர் கட்டுவதுதான். அக்கரைப்பற்றிலிருந்து தம்பிலுவில், திருக்கோவில் வரை இதைக் காணலாம். ஸ்டோர் வந்தால் விளக்கு, தண்ணீர் மோட்டார், டீப் பிரீசர் எல்லாம் பின்னால் வரும். கட்டடத்துக்கு இலட்சக்கணக்கில் செலவழிப்பவர், வீட்டிலிருந்து அங்கு மின்சாரம் கொண்டுபோகும்போது மட்டும் கையைச் சுருக்கிக் கொள்கிறார். சாதாரண வயரை பி.வி.சி. பைப்பில் நுழைத்து, அரை அடி மணலில் புதைத்து வேலையை முடித்து விடுகிறார்.

எமது கரையோர மணல் வெட்டுவதற்கு இலகுவானது. ஆபத்தும் அங்கேதான். தென்னைக்குப் பாத்தி வெட்ட வந்த கூலியாளின் மண்வெட்டி அரை அடியைச் சுலபமாகத் தாண்டிவிடும். மாரியில் நிலத்தடி நீர் மேலெழுந்து பைப்புக்குள் நிறையும். நடுவே ஒரு ஜொயின்ட் போட்டு டேப் சுற்றியிருந்தால் கசிவு அங்கிருந்தே தொடங்கும்.

இதற்கு ஏற்றது, இரும்புக் கம்பிக் கவசமிட்ட ஆமர்ட் கேபிள். கவசத்தை முறையாக எர்த்துடன் இணைத்திருந்தால், மண்வெட்டி முதலில் கவசத்தில் படும். அதைத் தாண்டி உள்ளே போனாலும் மின்சாரம் கவசத்தின் வழியே எர்த்துக்குப் பாய்ந்து இணைப்பு துண்டிக்கப்படும். குழி குறைந்தது இரண்டடி ஆழமாகவும், லொறி ஏறும் இடத்தில் இன்னும் ஆழமாகவும் இருக்கட்டும். கேபிளின் கீழும் மேலும் கல்லில்லாத மணல் போட்டு, அதன் மேல் செங்கல் வரிசையும் எச்சரிக்கை நாடாவும் இடுங்கள். இடையில் ஜொயின்ட் வேண்டாம். குழியை மூடுமுன் சுவரிலிருந்து அளவெடுத்து ஒரு வரைபடம் வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து வளவைத் தோண்டும் மகனுக்கு அது உதவும்.

கேபிளின் பருமனிலும் கணக்கு உண்டு. 40 மீற்றர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கேபிளில் 15 அம்பியர் எடுத்தால், வழியிலேயே ஏறக்குறைய 11 வோல்ட் குறைந்துவிடும். 6 சதுர மில்லிமீற்றர் போட்டால் இழப்பு நான்கரை வோல்ட் அளவே. மோட்டார் கிளம்பும்போது இதைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். மெல்லிய கேபிளில் மிச்சம் பிடித்த பணம் எரிந்துபோன மோட்டாரில் போய்விடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது எர்த்தும் ட்ரிப் சுவிட்சும். நமது வீடுகளில் எர்த் என்பது நாமே மண்ணில் அடித்த கம்பிதான். காய்ந்த மணலில் அதன் தடை மிக அதிகம். 50 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் ஒழுகுவது 4.6 அம்பியர் மட்டுமே. 16 அம்பியர் பிரேக்கர் அதற்கு அசையாது. பிரீசரின் தகரம் மின்னேறியபடியே இருக்கும், தொட்டவர் விழுவார். 30 மில்லி அம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச், கேபிள் புறப்படும் இடத்திலேயே இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அது விழாவிட்டால் உடனே மாற்றுங்கள். அடிக்கடி தானாக விழுகிறது என்று அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைப்பவர்களும் உண்டு. அது நோயை விட்டுவிட்டு வைத்தியரை விரட்டுவது போன்றது.

பொத்துவில், அறுகம்குடாப் பக்கம் விடுதி நடத்துவோர் நீச்சல் தடாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும்போது இரட்டிப்புக் கவனம் வேண்டும். நனைந்த உடலில் மின்சாரம் இலகுவாகப் பாயும். ஆகவே தண்ணீருக்குள் வரும் விளக்கு 12 வோல்ட்டுக்கு மேற்படக் கூடாது. அதன் டிரான்ஸ்போமரும் தடாகத்தை விட்டு எட்டியே இருக்க வேண்டும்.

மீற்றருக்கு அப்பால் உள்ள வயரிங் முழுவதும் உரிமையாளரின் பொறுப்பு. தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் உள்ள மின்னிணைப்பாளரிடம் வேலையைக் கொடுத்து, குழி மூடுமுன் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். ஸ்டோரிலுள்ள சரக்கு நட்டமானால் அடுத்த பருவத்தில் தேடிக்கொள்ளலாம். அங்கு மூட்டை தூக்கும் பிள்ளையின் உயிரை எந்தப் பருவத்திலும் தேட முடியாது.