பந்தலடியில் ஒரு சைக்கிள் பிரயாணம்

கடையில் வாங்கி வந்த திராட்சை புளிக்கிறது. ‘இரண்டு நாள் இருந்தால் இனித்துவிடும்’ என்று எடுத்து வைக்கிறோம். இனிக்கிறதா? வாடித்தான் போகிறது! மாங்காயும் வாழைக்காயும் பறித்த பிறகும் பழுக்கும். திராட்சைக்கு அந்தக் குணம் கிடையாது. கொடியில் இருக்கும்போது ஏறிய இனிப்புத்தான். கத்தரி பட்டதும் கணக்கு முடிந்தது.

ஆகவே, நல்ல திராட்சையின் ருசி தெரிய வேண்டுமானால் தோட்டத்துக்கே போக வேண்டும். பிரான்ஸில் அல்சாஸ் பிரதேசத்தார் 1953-ல் 170 கிலோமீட்டர் நீளத்துக்குத் ‘திராட்சை மதுப் பாதை’ ஒன்றை ஏற்படுத்தினார்கள். கிராமம் கிராமமாகச் சைக்கிளில் போய், தோட்டக்காரர் ஊற்றிக் கொடுப்பதை ஒரு வாய் சுவைத்துப் பார்ப்பவர்கள் அங்கே உண்டு. நம் தேசத்திலும் நாசிக்கில் இப்படிச் சுவைத்துப் பார்க்கும் கூடங்கள் இருக்கின்றன.

“மது சமாசாரம் நமக்கு எதற்கு?” என்பீர்கள். வேண்டவே வேண்டாம்! பழமே போதும்.

தறிச் சத்தத்திலும் பனியன் கம்பெனி அவசரத்திலும் வாரம் முழுவதும் உழலும் பொங்கலூர்க் குடும்பத்துக்கு, இரண்டு நாள் லீவு கிடைத்தால் கம்பம் பள்ளத்தாக்கு எட்டாத தூரமல்ல. தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், தேனி வழியாக வண்டியில் போய்க் கம்பத்தில் இறங்கிச் சைக்கிளை எடுக்கலாம். அங்கிருந்து சுருளி அருவி சுமார் பத்துக் கிலோமீட்டர். சுற்றிலும் மலைகள், 1895-ல் கட்டிய அணை கிழக்கே திருப்பிவிட்ட முல்லைப் பெரியாற்றின் தண்ணீர், அதில் வளரும் தோட்டங்கள். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் போட்டிருப்பார்கள். தலை குனிந்து உள்ளே நுழைந்தால் கறுப்புக் கொத்துகள் நெற்றியில் இடிக்கும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை இதுதான்.

அல்சாஸில் வருஷத்துக்கு ஒரே அறுவடை. இங்கே கவாத்து வெட்டி ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாள் மாறுவதால், வருஷம் முழுவதும் எங்கேயாவது பழம் இருக்கும்.

ஆனால் தோட்டக்காரர் கண் வானத்திலேயே இருக்கும். பழுக்கிற சமயம் மழை பெய்தால் பழம் வெடித்துவிடும். வெடித்த பழத்தை யார் வாங்குவார்கள்? அந்தப் பயத்திலும், நல்ல விலை இருக்கும்போதே விற்றுவிடும் ஆசையிலும் சிலர் முந்திப் பறித்துவிடுகிறார்கள். நம் வீட்டுப் புளிப்புக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் கவலை இருக்கிறது.

தோட்டத்துக்குப் போனால் கேட்காமல் கை வைக்காதீர்கள். சுவைத்துப் பிடித்தால் அவரிடமே இரண்டு கிலோ வாங்குங்கள். பழத்தின் மேல் இருக்கும் சாம்பல் பூச்சு இயற்கையானது. ஆனாலும் மருந்து தெளித்திருப்பார்கள், கழுவாமல் குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடாது.

இன்னொன்று: கொத்தின் அடி நுனியில் இருக்கும் பழம்தான் கடைசியில் பழுக்கும். அதைச் சுவைத்துப் பாருங்கள். அது இனித்தால் கொத்து முழுவதும் இனிக்கும். இந்த யுக்தி பொங்கலூர்ச் சந்தையிலும் செல்லும்!