கத்தாதீங்க பாஸ்... கையை அசைங்க!

'டேய் ராஜா... இங்க வாடா!'

கத்துறீங்க. திரும்பலை. விசில் அடிக்கிறீங்க. ம்ஹூம்! ஐயா பாட்டுக்கு அம்மாவோட ரோஜாச் செடியைத் தோண்டிக்கிட்டே இருக்கார். 'திமிர் பிடிச்ச நாய்'னு குச்சியைத் தேடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். அவனுக்குக் காது கேட்காம இருக்கலாம்!

வெள்ளைக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்?

நம்ம ராஜபாளையம் நாய் தெரியும்தானே? 2005-ல் தபால்தலையிலேயே இடம் பிடிச்ச வேட்டை நாய். பால் வெள்ளை உடம்பு, ரோஸ் கலர் மூக்கு. இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேட்காத குட்டிகள் பிறக்கிறது உண்டு. டால்மேஷியனில் இன்னும் அதிகம். அமெரிக்காவில் பரிசோதனை செய்து பார்த்ததில், சுமார் 30 சதவிகித டால்மேஷியன்களுக்கு ஒரு காதோ, ரெண்டு காதுமோ கேட்கலை.

காரணம், தோலுக்கும் முடிக்கும் நிறம் தர்ற செல்கள் உள்காதுக்கும் தேவை. அங்கே அது இல்லைன்னா, குட்டி பிறந்த சில வாரத்திலேயே சத்தத்தை உணர்ற செல்கள் செத்துப்போகும். அதுக்காக வெள்ளை நாய் எல்லாத்துக்கும் காது கேட்காதுன்னு அர்த்தம் இல்லை.

இப்படிப்பட்ட குட்டி விலை போகாதுன்னு ரோட்டில் விட்டுட்டுப் போறவங்க இருக்காங்க. தெரியாம வளர்க்கிறவங்க 'சொன்ன பேச்சு கேட்கலை'னு அடிக்கிறாங்க. பாவம், எதுக்கு அடி விழுதுன்னே அதுக்குப் புரியாது!

சாவிக்கொத்து டெஸ்ட்

அவன் நல்லா தூங்கும்போது, பின்னாடி நின்னு சாவிக்கொத்தை ஆட்டுங்க. காலால் தரையைத் தட்டாதீங்க, அதிர்வு காட்டிக் கொடுத்துடும். காது அசையலைன்னா கால்நடை டாக்டர்கிட்ட காட்டுங்க. காதில் சீழ், அழுக்கு இருந்தாலும் கேட்காது. அதுக்கு மருந்து உண்டு. பிறவிக் குறைக்குத்தான் மருந்து இல்லை.

கிளாஸ் ஆரம்பம்!

முதல் பாடம், 'என்னைப் பார்'. அவனா உங்க முகத்தைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுங்க. உடனே வேகவெச்ச சிக்கன் துண்டு ஒண்ணு. ரெண்டே நாளில் கட்டைவிரல்னா 'சபாஷ்'னு அவனுக்குப் புரிஞ்சிடும்.

அடுத்து 'உட்கார்'. சிக்கனை மூக்குக்கு மேலே பிடிச்சு, மெதுவா பின்பக்கமா நகர்த்துங்க. தலை மேலே போக, பின்பக்கம் தானா தரையில் உட்காரும். கட்டைவிரல், சிக்கன்!

ஒரு வேலைக்கு ஒரே சைகைதான். நீங்க ஒண்ணு, தங்கச்சி ஒண்ணுன்னு காட்டினா குழம்பிடுவான். ஒரு தடவைக்கு மூணு நிமிஷம் போதும், ஆனா ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை. தூரத்தில் இருந்தா தரையைத் தட்டுங்க. ராத்திரியில் வாசல் லைட்டை அணைச்சுப் போடுங்க. திரும்பிப் பார்த்தா, மறுபடி சிக்கன்.

தூங்குறவனைப் பின்னாடி இருந்து திடீர்னு தொடவே கூடாது. பயத்தில் கடிச்சிடலாம். முதல்ல கையை மூக்குகிட்ட கொண்டுபோங்க. வாசனை பிடிச்சதும் தோளில் மெதுவா தொடுங்க. கண்ணைத் திறந்ததும் ஒரு துண்டு சிக்கன். வீட்டுக்கு வர்ற வாண்டுகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்க.

எனர்ஜி ஜாஸ்தி சார்!

வேட்டை நாயைக் கட்டிப் போட்டே வெச்சா, செடி என்ன... செருப்பு, சோபா எல்லாம் காலி! காலையும் மாலையும் நல்ல நடை, வீட்டுக்குள்ளே கயிறு இழுக்கிற விளையாட்டு, பழைய துணியில் தீனியை ஒளிச்சு வெச்சுத் தேடவிடுறதுன்னு அவனைக் களைப்பாக்குங்க. ஆனா, கேட்டுக்கு வெளியே ஒரு நொடிகூட கயிறில்லாம விடக் கூடாது. பஸ் ஹாரன் அவனுக்குக் கேட்காது. கழுத்துப் பட்டையில் 'எனக்குக் காது கேட்காது'னு எழுதி, உங்க போன் நம்பரையும் போட்டுடுங்க.

தத்தெடுக்கும் முன்...

உங்க காலேஜ் மூணு வருஷம், நாலு வருஷத்தில் முடிஞ்சிடும். அவன் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருப்பான். கேம்பஸ் இன்டர்வியூவில் செலக்ட் ஆகி நீங்க புனேவுக்கு ரயில் ஏறின பிறகு, அந்தக் காலை நடை யார் பொறுப்பு? 'அம்மா பார்த்துப்பாங்க'ன்னா, அதை அம்மாகிட்ட இப்பவே கேட்டுடுங்க. வெறிநாய்க்கடி தடுப்பூசி கட்டாயம். குறை வம்சத்தில் தொடரும்கிறதால கருத்தடையும் அவசியம்.

'இப்போ முடியாது'ன்னு தோணினா தப்பே இல்லை. பக்கத்தில் இருக்கிற விலங்குகள் காப்பகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை போய், ஒரு நாயை வாக்கிங் கூட்டிட்டுப் போங்க. அங்கேயும் உங்களுக்காக ஒருத்தன் காத்துக்கிட்டு இருப்பான்.

'முடியும்'னா, கூட்டிட்டு வாங்க. ரெண்டு மாசம் பொறுமையா சொல்லிக்கொடுங்க. அப்புறம் ஒரு நாள் தோட்டத்து மூலையில் மண்ணைக் கிளறிக்கிட்டு இருப்பான். ஒரு கணம் நிமிர்ந்து உங்களைத் தேடுவான். நீங்க வாயே திறக்க வேண்டாம். கையை மட்டும் அசைங்க... நாலு கால் பாய்ச்சலில் வந்து நிற்பான்!