பனியன் வேஸ்ட் மூட்டையும் அம்மாவின் தாலாட்டும்

அருள்புரத்தில் எவ்வளவு காசு கொடுத்தாலும் கிடைக்காத சரக்கு ஒன்று உண்டு. நிசப்தம்! திருப்பூர் - பல்லடம் ரோட்டில் லாரியும் கம்பெனி வேனும் உறுமும். ரோட்டை விட்டு உள்ளே போனால் பவர் டேபிள் சத்தம், தறி குடோன் சத்தம். இந்த ஊரில், ஒரு லைன் வீட்டின் பத்துக்குப் பத்து ரூமில் ரெக்கார்டிங் ஸ்டூடியோ வைக்கப் போகிறேன் என்று கிளம்பினான், என் அக்கா மகன்.

சிரிக்காதீர்கள். ஏ.ஆர்.ரஹ்மான் 1989-ல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு சேர்த்து அமைத்துக்கொண்டதுதான் பஞ்சதன் ஸ்டூடியோ. 1992-ல் 'ரோஜா' அங்கிருந்துதான் வந்தது!

ஆனால், இவன் பதிவு செய்ய நினைத்தது சினிமாப் பாட்டு இல்லை. என் அம்மாவின் தாலாட்டும் கும்மிப் பாட்டும். அம்மாவுக்கு வயது 82. எந்தப் பாட்டும் நோட்டில் இல்லை, எல்லாம் தொண்டையில்தான். போன வருஷம் இருந்த குரல் இந்த வருஷம் இல்லை. ஆகவே அவசரம்.

முதல் பாட்டைப் போட்டுக் காட்டினான். அம்மா முகத்தைச் சுளித்தார். "ஏஞ்சாமி, கெணத்துக்குள்ள உழுந்தவ சத்தம் போடறாப்பல இருக்குதே!"

சரியான தீர்ப்பு! குற்றம் மைக்கில் இல்லை, ரூமில். பாடுகிற சத்தம் நேராகவும் மைக்குக்குப் போகிறது. சிமென்ட் சுவரிலும் தரையிலும் முட்டிக்கொண்டு, கொஞ்சம் லேட்டாகவும் வந்து சேருகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி என்றால் இன்னும் மோசம். பத்தடி இடைவெளிக்குள் விநாடிக்குச் சுமார் 56 அதிர்வும் அதன் மடங்குகளும் நின்று ஊஞ்சலாடும். மூன்று பக்கமும் ஒரே அளவாக இருந்தால் மூன்றும் ஒரே ஸ்வரத்தில் கூட்டணி வைத்துக்கொள்ளும்!

இதே தொல்லை அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கும் வந்தது. 1895-ல் புது லெக்சர் ஹால் ஒன்றில் பேசினால், ஒரு வார்த்தை அடங்க ஐந்து விநாடிக்கு மேல் ஆனது. வாலஸ் சபைன் என்ற இளம் பௌதிக ஆசிரியரிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். மனுஷர் என்ன செய்தார்? பக்கத்துத் தியேட்டரிலிருந்து சீட் மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து ஹாலில் அடுக்கினார். எத்தனை மெத்தைக்கு எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். பொழுது விடிவதற்குள் மெத்தைகள் திரும்பிப் போய்விடும்! அந்தக் கணக்குதான் 1900-ல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹாலுக்கு உதவியது.

அங்கே மெத்தை என்றால் இங்கே என்ன? பனியன் கட்டிங் வேஸ்ட்!

முட்டை அட்டை ஒட்டச் சொல்லிப் பலர் யோசனை சொன்னார்கள். ஊஹூம்! அந்த மெல்லிய அட்டை கீச்சுச் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும்; 'கும்'மென்ற சத்தம் அப்படியே நிற்கும். கனம்தான் முக்கியம். நாலடிக்கு இரண்டடி மரச்சட்டம், நாலு அங்குல ஆழம். அதற்குள் வேஸ்டைத் தளர்வாக நிரப்பி, அடியில் இறங்கிவிடாமல் மெத்தை போலக் குறுக்கே தையல் போட்டோம். மேலே ஜெர்சி துணி. வாயால் ஊதினால் காற்று உள்ளே போக வேண்டும், அதுதான் டெஸ்ட். சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி மாட்டினால் பலன் இன்னும் அதிகம். ரூம் மூலைகளில் வேஸ்ட் மூட்டைகளையே கூரை வரை அடுக்கினோம். கட்டைச் சத்தம் குடியிருக்கும் இடம் மூலைதான்.

மைக் வாய்க்கு ஒரு சாண் தூரம். பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் கனமான மெத்தைச் சட்டம். ஏனென்றால் மைக்கின் முகம் அந்தப் பக்கம்தான் பார்க்கிறது.

ஒரு எச்சரிக்கை. பஞ்சுக்கும் நெருப்புக்கும் ஆகாது. சுவிட்ச் போர்டு பக்கம் சட்டம் மாட்டாதீர்கள். ஊதுபத்தி, கொசுவத்தி கூடவே கூடாது.

இனி கை தட்டினால் 'டிங்' இல்லை, 'டப்'தான். மருமகனுக்கு ஏக சந்தோஷம். அடுத்த நிமிஷம், பக்கத்துக் குடோனில் தறியைப் போட்டார்கள். 'சடக் சடக்' அப்படியே உள்ளே வந்தது!

"என்ன மாமா, இத்தனை மூட்டை அடுக்கியும்..?"

பலர் குழம்புகிற இடம் இதுதான். உள்ளே சுற்றும் சத்தத்தை அடக்கப் பஞ்சு போதும். வெளிச்சத்தத்தைத் தடுக்கக் கனமான சுவரும், காற்று புகாத கதவும் வேண்டும். காற்று வரும் சந்தில் சத்தமும் வரும். கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டினோம். வென்டிலேட்டரைச் செங்கல் வைத்து அடைத்தோம். பாதி குறைந்தது. மீதி, தரை வழியாகவே அதிர்ந்து வருகிறது. அதற்கு வைத்தியம் ரூமுக்குள் ரூம் கட்டுவது. இவன் சம்பளத்துக்கு அது ஆகாது.

சபைன் ராத்திரியில் வேலை செய்தார். இங்கே ராத்திரி ஷிப்ட்டும் உண்டு. அம்மாவும் எட்டு மணிக்கே தூங்கிவிடுவார். தறி நிற்கிற ஞாயிற்றுக்கிழமைதான் ஒரே வழி.

இதுவரை ஒன்பது பாட்டு ஆகிவிட்டது. ஐந்தாவது பாட்டில் ஓர் அடி மறந்துபோய், அம்மா வெறுமனே "ம்ம்ம்" என்று முனகித் தாண்டியிருக்கிறார். அந்த அடியைத் தெரிந்தவர்கள் இப்போது யாரும் இல்லை. முனகலை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்னும் பத்துப் பன்னிரண்டு பாட்டு பாக்கி. அடுத்த ஞாயிறு நல்ல முகூர்த்த நாளாம். தெருவில் யாரும் ஸ்பீக்கர் கட்டாமல் இருக்க வேண்டும்!