மண்ணில்லாச் சாகுபடியில் களிமண் உருண்டைகளைப் பதப்படுத்தும் முறை

மண்ணின் உதவியின்றி, உரச்சத்துக்கள் கரைந்த ஜலத்தை மாத்திரம் ஆதாரமாகக் கொண்டு பயிர்களை வளர்க்கும் முறை நம் நாட்டில் பரவி வருகின்றது. தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய், கீரை முதலியவற்றை நிழல்வலைக் குடில்களில் இவ்விதம் சாகுபடி செய்வோர் பலர், செடியின் வேரைத் தாங்கி நிற்பதற்கு மண்ணுக்குப் பதிலாகச் சுட்ட களிமண் உருண்டைகளை உபயோகிக்கின்றனர். இவ்வுருண்டைகள் செடிக்கு நன்மையோ தீமையோ செய்யாத வெறும் தாங்குபொருள் என்பது பொதுவான எண்ணம். முதற் சாகுபடியில் நேரும் நஷ்டங்கள் பலவற்றுக்கு அவ்வெண்ணமே காரணமாகின்றது. மூட்டையினின்று அப்பொழுதே கொட்டிய உருண்டை வெறும் தாங்குபொருளன்று. அதனை அவ்வாறு ஆக்கிக்கொள்வது சாகுபடி செய்வோரின் வேலையாகும். அதற்கு வேண்டுவன சில நாட்களின் பொறுமையும் சொற்பச் செலவுமே.

நஷ்டம் நேரும் விதம்

குழித்தட்டுகளில் நாற்றுக்கள் தயாராகி நிற்கின்றன. உருண்டைகளை ஒரு முறை அலசித் தொட்டிகளில் நிரப்பி, உரக் கரைசலின் பி.எச். எண்ணை 5.8-க்குக் கொணர்ந்து, நடவும் செய்தாயிற்று. மறுநாட் காலையில் அளந்து பார்த்தால் எண் 7-ஐ நெருங்கியிருக்கின்றது. அமிலம் சேர்த்து மீண்டும் குறைக்கின்றனர். அதற்கடுத்த நாள் மீண்டும் ஏறுகின்றது. இவ்வாறு பத்து நாட்கள் சென்றபின் இளந்தளிர்களில் நரம்புகள் மாத்திரம் பச்சையாயிருக்க, இடைப்பகுதி வெளிறி மஞ்சளாகின்றது. கரைசலில் சத்துப் போதவில்லையென்று கருதி மேலும் உரத்தைக் கரைக்கின்றனர். உப்பு மிகுந்து இலை நுனிகள் கருகுகின்றன. உரம் தொட்டியில் இருந்தது. செடிக்கு மாத்திரம் எட்டவில்லை. நாற்று, உரம், அமிலம், மின்சாரம் ஆகிய யாவற்றுக்கும் செலவழித்த பணம் வீணாகி, பருவமும் தவறிவிடுகின்றது.

பி.எச். எண்ணின் பொருள்

ஜலத்தின் அமிலத் தன்மையையும் காரத் தன்மையையும் ஓர் எண்ணால் குறிக்கும் இவ்வழக்கத்தை, டென்மார்க் தேசத்துத் தலைநகரான கோப்பன்ஹேகனிலுள்ள கார்ல்ஸ்பெர்க் ஆராய்ச்சிசாலையில் ஸோரன்ஸன் என்னும் இரசாயன நிபுணர் 1909-ஆம் ஆண்டில் ஏற்படுத்தினார். 7 என்பது நடுநிலை. அதற்குக் குறைந்தால் அமிலம், மிகுந்தால் காரம். ஓர் எண் ஏறுவது சிறு மாற்றமன்று. 6-லிருந்து 7-க்கு ஏறின், அமிலத் தன்மை பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததென்று கொள்ளவேண்டும். மண்ணில்லாச் சாகுபடியில் பெரும்பாலான பயிர்களுக்கு 5.5 முதல் 6.5 வரை ஏற்ற அளவாகும். அதற்குமேல் ஏற ஏற இரும்பும் மாங்கனீசும் வேர்களுக்குக் கிட்டாமற் போகின்றன. மணிச்சத்தோ சுண்ணாம்புச் சத்துடன் கூடிக் கரையாத வண்டலாகப் படிகின்றது. வயல் மண்ணில் மக்கும் களியும் இம்மாற்றங்களைப் பெருமளவு தாங்கிக்கொள்ளும். உருண்டைகளுக்கு அத்தகைய சக்தி மிகக் குறைவாதலால் எவ்விதப் பிழையும் நேராக வேரையே தாக்கும்.

உருண்டைகளின் வரலாறு

உப்புக்கள் கரைந்த ஜலத்தில் செடி வளருமென்பதை ஜெர்மன் தேசத்து அறிஞர்களான சாக்ஸ், நாப் ஆகியோர் 1860-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் பரிசோதனையால் நிரூபித்தனர். அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த கெரிக்கி என்பவர் 1929-ஆம் ஆண்டுமுதல் இதனைச் சாகுபடி முறையாக எடுத்துக் கூறினார். ஹைட்ரோபோனிக்ஸ் என்னும் பெயர் 1937-ஆம் ஆண்டில் வழங்கலாயிற்று. 1945-ஆம் ஆண்டில் அட்லாண்டிக் சமுத்திரத்திலுள்ள அசென்ஷன் தீவில் அமெரிக்கச் சேனையார் சரளைப் பாத்திகளில் காய்கறி விளைவித்தனர். நம் தேசத்தில் 1946-ஆம் ஆண்டில் அக்காலத்தில் டார்ஜிலிங் ஜில்லாவைச் சேர்ந்திருந்த காலிம்போங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்பார் பரிசோதனைகளைத் தொடங்கி, கல்துண்டும் மணலும் கலந்த பாத்திகளில் பயிர் செய்யும் எளிய முறையொன்றை வகுத்தார்.

சரளைக்கும் கல்துண்டுக்கும் எடை அதிகம். களிமண் உருண்டையோ இலேசானது. வேருக்குக் காற்றோட்டமும் தருவது. ஆயினும் அது முதலில் செடிகளுக்காக உண்டானதன்று. 1918-ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஹேடு என்பவர், களிமண்ணையும் களிப்பாறையையும் சுழலும் சூளையிலிட்டுப் பொரியச் செய்து, இலேசான காங்கிரீட்டுக்குரிய ஜல்லியாக்கும் முறைக்கு உரிமை பெற்றார். ஏறக்குறைய 1100 முதல் 1200 டிகிரி செண்டிகிரேடு உஷ்ணத்தில் களிமண் இளகுகையில், அதனுள் உண்டாகும் வாயுக்கள் அதனை நெற்பொரிபோல் உப்பச் செய்கின்றன. மேலே கெட்டியான ஓடும் உள்ளே எண்ணற்ற நுண்துளைகளும் அமைகின்றன.

சுண்ணாம்பு எங்கிருந்து வருகின்றது?

சுண்ணாம்புக் கல் கலந்த மண்ணால் அறுத்த செங்கல், சூளையில் நன்றாக வெந்திருந்தும், மழை பட்டவுடன் ஆங்காங்கே பொரிந்து உதிர்வதைக் கிராமவாசிகள் அறிவர். சூளையில் அக்கல் சுட்ட சுண்ணாம்பாக மாறியிருந்து, ஜலம் பட்டதும் நீறிப் பருப்பதே இதற்குக் காரணம். களிமண் உருண்டையிலும் நிகழ்வது இதுவே. மூலக் களிமண்ணில் சுண்ணாம்பு எவ்வளவு கலந்திருந்ததோ அவ்வளவுக்கு உருண்டையிலும் காரப்பொருள் தங்கிவிடுகின்றது. மூட்டைகளில் ஒன்றோடொன்று உராய்ந்து உண்டாகும் செந்தூளிலும் அது உண்டு. மேலிருப்பதை அலசிப் போக்கலாம்; நுண்துளைகளிலுள்ளதோ மெதுவாகவே கசிந்து வெளிவரும். அமிலம் சேர்த்துக் குறைத்த எண் மறுநாள் மீண்டும் ஏறுவது இதனாலேயே. கட்டட வேலைக்கென விற்கப்படும் உருண்டைகளில் காரத் தன்மை எவ்வளவிருப்பினும் சிமெண்டுக்குக் குறைவில்லை. ஆகையால் அவற்றை விலை மலிவு கருதி வாங்காது, பயிருக்கென்றே தயாரிக்கப்பட்டவற்றை வாங்குதல் நலம். 8 முதல் 16 மில்லிமீட்டர் பருமனுள்ளவை தொட்டிகளுக்கு ஏற்றவை.

வாங்குமுன் செய்யவேண்டிய பரீட்சை

மூட்டைகளை மொத்தமாக வாங்குமுன் மாதிரிக்குச் சிறிது பெற்று, அதன்மேல் சில துளி காடியை விடுக. நுரைத்துப் பொங்குமாயின் சுண்ணாம்புக் கார்பனேட் இருக்கின்றதென்று அறியலாம். நுரை எழாவிடினும் உருண்டை குற்றமற்றதென்று முடிவு செய்தலாகாது. நீறிய சுண்ணாம்பு நுரைக்காது. ஆகையால் பின்வரும் இரண்டு வாளிப் பரீட்சையே நம்பத்தக்கது.

சாகுபடிக்கு உபயோகிக்கப்போகும் கிணற்று ஜலத்தில் உரக் கரைசலைத் தயாரித்து, பி.எச். எண்ணை 5.8-க்குக் கொணர்ந்து, இரண்டு பிளாஸ்டிக் வாளிகளில் சமமாக ஊற்றுக. ஒன்றில் அலசிய உருண்டைகளை ஜலமட்டம் வரை இடுக. மற்றதில் ஒன்றும் இடவேண்டாம். இரண்டையும் மூடி வைத்து 24 மணி நேரத்துக்குப் பின் அளக்கவேண்டும். உருண்டை இட்ட வாளியில் மாத்திரம் எண் ஏறியிருப்பின் குற்றம் உருண்டையினுடையது. இரண்டிலும் ஒன்றுபோல் ஏறியிருப்பின் குற்றம் ஜலத்தினுடையது. கிணற்று ஜலத்தில் பைகார்பனேட் மிகுந்திருக்குமிடங்களில், அமிலம் சேர்த்தபின் கரியமில வாயு மெல்ல வெளியேறுவதால் எண் தானே உயரும். இவ்வேறுபாட்டை அறியாமல் உருண்டைகளை எத்தனை நாள் ஊறவைத்தாலும் பயனில்லை. மழை ஜலத்தை மாத்திரம் கொண்டு பரீட்சித்தலும் தகாது. அதற்குத் தாங்கும் சக்தி இல்லாமையால் அற்பக் காரமும் எண்ணைப் பெரிதும் உயர்த்திக் காட்டி, நல்ல உருண்டையையும் கெட்டதென்று எண்ணச் செய்யும்.

பதப்படுத்தும் முறை

முதலாவதாக, உருண்டைகளைத் திறந்தவெளியில் ஜலம் தெளித்து நனைத்தபின் சல்லடையிலிட்டுச் சலிக்கவேண்டும். உலர்ந்த நிலையில் சலித்தால் தூள் மூச்சுக்குழலுக்குக் கெடுதி செய்யும். பிறகு, வடியும் ஜலம் தெளிவாகும்வரை அலசவேண்டும். இத்தூளை விட்டுவைத்தால் பம்பும் சொட்டுநீர்க் குழாய்களும் அடைத்துக்கொள்ளும்.

இரண்டாவதாக, பிளாஸ்டிக் பீப்பாயில் உருண்டைகளை இட்டு, அவை மூழ்கும்வரை ஜலம் நிரப்பி ஒரு நாள் ஊறவைத்து, அந்த ஜலத்தை முழுதும் வடித்துவிடவேண்டும். உருண்டைகள் முதலில் மிதக்குமாதலால் மேலே ஒரு வலையை விரித்துப் பாரம் வைத்து அமிழ்த்துக. புதிய சிமெண்டுத் தொட்டியை இதற்கு உபயோகித்தல் ஆகாது; தொட்டியே காரத்தைக் கசியவிடும். உலோகப் பாத்திரங்களும் அமிலத்துக்கு ஏற்றவையல்ல.

மூன்றாவதாக, புதிய ஜலத்தின் பி.எச். எண்ணை 5.5-க்குக் கொணர்ந்து அதில் மீண்டும் ஊறவைக்கவேண்டும். இதற்குப் பாஸ்பாரிக் அமிலமோ நைட்ரிக் அமிலமோ ஏற்றது. பாஸ்பாரிக் அமிலத்துக்கு மற்றொரு நன்மையும் உண்டு. அதிலுள்ள மணிச்சத்து சுண்ணாம்புடன் கூடி, எளிதிற் கரையாத படலமாக உருண்டைமீது படிந்து, உள்ளிருக்கும் காரம் வெளிவருவதைத் தடுக்க உதவுகின்றது. காடியும் எலுமிச்சை உப்பும் அவசரத்துக்கு உதவலாம். ஆனால் நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்றுவிடுவதால் பயன் நிலைப்பதில்லை. பழைய மின்கலங்களிலிருந்து எடுத்த கந்தகத் திராவகத்தில் ஈயம் கலந்திருக்குமாதலால் அதனை ஒருக்காலும் தொடலாகாது.

நான்காவதாக, 12 மணி நேரத்துக்கொரு முறை ஜலத்தைக் கலக்கி அளந்து, ஏறியிருப்பின் அமிலம் சேர்த்து 5.5-க்குக் கொணர்க. 24 மணி நேரத்துக்கொரு முறை ஜலத்தை மாற்றுக. சில உருண்டைகளுக்கு இரண்டு நாட்களே போதும். சிலவற்றுக்கு ஒரு வாரமும் ஆகலாம். நாட்கணக்கு முக்கியமன்று, ஏற்றம் நிற்பதே அடையாளம்.

ஐந்தாவதாக, ஊறிய ஜலத்தை வடித்து, ஒருமுறை அலசி, நடவுக்கு உபயோகிக்கும் அதே உரக் கரைசலில் பாதி வலுவுள்ளதை 5.8-ல் ஊற்றி ஒரு நாள் வைத்திருக்கவேண்டும். எண் 0.3-க்கு மேல் ஏறாதிருந்தால் உருண்டைகள் பதமாயின. அதற்குப் பின்னரே விதைகளைக் குழித்தட்டில் இடுவது உத்தமம். நாற்று முற்றி நின்றால் மனம் அவசரப்படும். உருண்டை தயாராயிருந்தால் அவசரத்துக்கு இடமில்லை.

நடவுக்குப் பின்

பதப்படுத்திய பிறகும் எண் சிறிது சிறிதாக மாறுவது இயல்பே. செடியின் வேர் நைட்ரேட்டை மிகுதியாக உட்கொள்ளும்போது கரைசலின் எண் உயரும். அம்மோனியாச் சத்தை உட்கொள்ளும்போது குறையும். இது பயிர் நன்கு வளர்வதன் அறிகுறியாகவும் இருக்கலாம். ஆகையால் 5.5-க்கும் 6.5-க்கும் இடையில் இருக்கும்வரை தினந்தோறும் அமிலம் ஊற்றிக்கொண்டிருத்தல் வேண்டா. அளவுக் கருவியை வாரந்தோறும் 4, 7 என்னும் இரண்டு திட்டக் கரைசல்களில் வைத்துச் சரிபார்க்கவேண்டும். பொய் சொல்லும் கருவியை நம்பி அமிலம் ஊற்றுவதைவிடக் கருவி இல்லாதிருத்தலே மேல்.

மறு உபயோகம்

உருண்டைகள் பல பருவங்களுக்கு உதவும். அறுவடைக்குப்பின் வேர்களை நீக்கி, வெள்ளையாகப் படிந்த உப்பு கரையும்வரை ஊறவைத்து அலசவேண்டும். நோய் கண்ட பயிராயிருப்பின், ஜலம் கலந்து வலுக் குறைத்த ஹைட்ரஜன் பெராக்ஸைடில் ஊறவைத்துக் கழுவலாம். பிளீச்சிங் பவுடரில் சுண்ணாம்பு கலந்திருப்பதால், அதனால் கழுவுவோர் தாம் நீக்கிய காரத்தைத் தாமே திரும்ப ஏற்றுகின்றனர். மறு பயிருக்கு முன் இரண்டு வாளிப் பரீட்சையை மீண்டும் செய்தல் அவசியம்.

எச்சரிக்கை

அமிலத்தை ஜலத்தில் சிறிது சிறிதாக ஊற்றவேண்டும். அமிலத்தின்மேல் ஜலத்தை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். முதலில் 1 லிட்டர் ஜலத்தில் 10 மில்லிலிட்டர் அமிலத்தைக் கலந்து வைத்துக்கொண்டு, அதையே பீப்பாயில் சேர்த்து வருதல் பத்திரமானது. கையுறையும் கண்ணாடியும் அணிக. பிளீச்சிங் பவுடரும் அமிலமும் ஒருக்காலும் கலக்கலாகாது. கலந்தால் உயிருக்கு ஆபத்தான குளோரின் வாயு எழும். அமிலப் புட்டிகளைக் குழந்தைகளுக்கு எட்டாமற் பூட்டி வைப்பதுடன், ஊறிய ஜலத்தைக் குடிநீர்க் கிணற்றுக்கும் குளத்துக்கும் அப்பாற் கொட்டவேண்டும்.

முடிவுரை

மண்ணில்லாச் சாகுபடிக்குக் குடில், பம்பு, குழாய் முதலியவற்றுக்காகும் செலவு பெரிது. இரண்டு வாளிகளுக்கும் ஒரு புட்டி அமிலத்துக்கும் ஆகும் செலவு மிகச் சிறிது. பெருஞ்செலவைச் செய்துவிட்டுச் சிறு பரீட்சையைத் தள்ளிவைப்போர் முதற் பயிரிலேயே மனமுடைந்து, முறையையே பழித்துக் கைவிடுகின்றனர். கிராம உத்தியோகஸ்தர்கள் தங்கள் எல்லைக்குள் புதிதாக இத்தொழிலில் இறங்குவோர்க்கு இப்பரீட்சையை ஒரு முறை நேரிற் செய்து காட்டச் செய்வார்களாயின் மிகுந்த உபகாரமாகும். உழவன் நிலத்தைப் பதம் பார்த்து விதைப்பது போலவே, நிலமில்லாப் பயிருக்கும் பதம் உண்டென்பதை யாவரும் மனதிற் கொள்வாராக.