மைனஸ் 40 டிகிரி காட்டும் எஞ்சின்

சித்திரை வெயிலில் நிற்கிற காரில் ஸ்கேனரைச் செருகினால், எஞ்சின் வெப்பம் மைனஸ் 40 டிகிரி என்கிறது. பானெட்டில் கை வைக்க முடியவில்லை. ரேடியேட்டர் ஃபேன் ஓயாமல் ஓடுகிறது. டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரிகிறது. ஸ்கேனரில் வந்திருக்கும் கோடு பி0118.

"சென்சார் போச்சு, மாத்திடலாம்" என்ற பேச்சு இங்கேதான் ஆரம்பிக்கும். அவசரப்படாதீர்கள். சென்சார் கெட்டது என்று அந்தக் கோடு சொல்லவே இல்லை. கூலன்ட் வெப்பச் சென்சாரின் சர்க்யூட்டில் வோல்டேஜ் அளவுக்கு மீறி நிற்கிறது, அவ்வளவுதான் அதன் பொருள். சென்சார், இரண்டு ஒயர், கனெக்டர், எஞ்சினின் கம்ப்யூட்டரான இசியு என எல்லாம் சேர்ந்ததுதான் சர்க்யூட்.

சென்சாருக்குள் இருப்பது தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். பல கார்களில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம் இருப்பது, 80 டிகிரியில் 300 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். இசியு தனக்குள் இருக்கும் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் அனுப்பி, ஒயரில் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கிறது. எஞ்சின் சூடானால் அது இறங்கும். ஒயர் எங்காவது அறுந்தாலோ 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். இசியு அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொள்ளும். சிக்னல் ஒயர் உரசி எர்த் ஆனால் நேர்மாறு: வோல்டேஜ் பூஜ்யம், வெப்பம் 130 டிகிரிக்கு மேல்.

இதைச் சோதிக்க ஒரு துண்டு ஒயர் போதும். எஞ்சினை நிறுத்தி, சாவியை ஆன் நிலையில் வைத்து, சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, ஒயர்ப் பக்கத்து இரண்டு முனைகளையும் அந்தத் துண்டால் இணைக்க வேண்டும். ஸ்கேனரில் எண் மைனஸ் 40இலிருந்து 130க்கு மேல் தாவினால் ஒயரும் இசியுவும் சரியாக இருக்கின்றன, சென்சாரை மாற்றலாம். அசையாமல் நின்றால் புதுச் சென்சார் வாங்குவது வீண்செலவு. அப்போது துண்டை எடுத்துவிட்டு, மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து அளக்க வேண்டும். ஒரு முனையில் 5 வோல்ட் வந்தால் எர்த் ஒயரில் அறுப்பு. எதிலுமே வராவிட்டால் சிக்னல் ஒயரில், அபூர்வமாக இசியுவில்.

இந்த இணைப்பு வித்தை இரண்டு ஒயர் சென்சாருக்கு மட்டும்தான். மூன்று ஒயர் உள்ளதில் செய்தால், மற்ற சென்சார்களுக்கும் போகும் 5 வோல்ட் சப்ளையே எர்த் ஆகிவிடலாம்.

மீட்டரை எடுப்பதற்கு முன் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. கனெக்டர் பின்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கலாம். பழுது விட்டுவிட்டு வருகிறதென்றால் ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டே ஒயரை விரல் விரலாக அசைத்து வர வேண்டும். ஒரு இடத்தில் எண் துள்ளும். அங்கே டேப்பைப் பிரித்துப் பாருங்கள்: எலி கடித்த பிளாஸ்டிக்குக்குள் செம்புக் கம்பி இரண்டு மூன்று இழையில் தொங்கிக்கொண்டிருக்கும்.